பனிப்புயலுக்கு முன் எதை வாங்குவது, எதை விடுவது

பனிப்புயல் எச்சரிக்கை வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதல் பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான் எழுகிறது. கடைக்கு ஓடுகிறோம், கூடை நிறைய அள்ளி வருகிறோம், அலமாரி நிரம்பியதும் ஆயத்தம் முடிந்துவிட்டதாக நிம்மதி அடைகிறோம். உடல்நலமுள்ள ஒருவர் மூன்று நாள் அரைவயிற்றோடு இருந்தாலும் சமாளித்துவிடுவார். சூடில்லாத வீட்டில், குழாயில் தண்ணீர் வராமல் அந்த மூன்று நாளைக் கடத்துவது அப்படிப்பட்டதல்ல. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு: குளிரைப் போக்க மூட்டிய நெருப்பே உயிரைப் பறிப்பது. பெரிய குளிர்காலப் புயல்களுக்குப் பின் வரும் செய்திகளில் இது திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது.

ஆகவே கையிலுள்ள பணத்தை முதலில் சூட்டுக்கும், அடுத்துத் தண்ணீருக்கும், அதன் பிறகே உணவுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. எதை வாங்க நினைத்தாலும், மின்சாரம் போன பிறகு இது வேலை செய்யுமா, செய்ய வேண்டுமானால் இதற்கு வேறு என்ன தீனி போட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். விளம்பரங்களில் பளபளக்கும் பாதிப் பொருட்கள் இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

மூன்று நாளா, இரண்டு வாரமா

பேரிடர் மேலாண்மை அமைப்புகள் வழக்கமாகச் சொல்லும் குறைந்தபட்சம் மூன்று நாள். முடிந்தவர்கள் இரண்டு வாரத்துக்குச் சேமிக்கலாம் என்றும் அவை சொல்கின்றன. இரண்டுக்கும் இடையே எதைத் தேர்வது என்பது உங்கள் ஊரில் எந்த வகைப் புயல் வருகிறது என்பதைப் பொறுத்தது. உலர்ந்த பனி எத்தனை அடி கொட்டினாலும் பாதையைத்தான் அடைக்கும். மின்கம்பிகள் பெரும்பாலும் தப்பிவிடும். வண்டிகள் வந்து பனியை வாரித் தள்ளியதும் வாழ்க்கை திரும்பிவிடும். உறைமழை அப்படியல்ல. மழையாகவே விழுந்து, தொட்ட இடத்தில் உறைந்து, கம்பியிலும் மரக்கிளையிலும் கண்ணாடி உறைபோல ஏறிக்கொள்கிறது. அந்தப் பாரத்தில் கிளைகள் முறிந்து கம்பிகள் மீது விழுகின்றன, சில நேரம் கோபுரங்களே மடங்குகின்றன. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளைத் தாக்கியது இந்த வகைதான். அங்கே சில இடங்களில் மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

உறைமழை பெய்யும் பகுதி, தூண்களில் தொங்கும் மின்கம்பி, ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு, சொந்தக் கிணற்றில் மோட்டார் என்று இவற்றில் இரண்டு பொருந்தினாலே இரண்டு வாரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்து அடுக்குமாடியில் இருப்பவர் மூன்று நாள் இருப்பை ஒழுங்காக வைத்தால் போதும். பாதி வெந்த இரண்டு வாரத் திட்டத்தைவிட முழுமையான மூன்று நாள் திட்டமே மேல்.

சூடு: அறையைச் சூடாக்குவதா, ஆளைச் சூடாக்குவதா

பலருக்குத் தெரியாத செய்தி இது: எரிவாயுவில் ஓடும் மைய ஹீட்டர்கூடப் பெரும்பாலும் மின்சாரம் இல்லாமல் இயங்காது. எரிவது வாயு என்றாலும், சூடான காற்றை வீடெங்கும் தள்ளும் விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். மரத்தூள் உருண்டைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பும் அப்படியே. உருண்டைகளை உள்ளே தள்ளுவது ஒரு சிறு மோட்டார். விறகு அடுப்பின் தங்கை என்று நம்பி அதை வாங்கியவர்கள் மின்தடை வந்த இரவில்தான் வேறுபாட்டை உணர்கிறார்கள்.

முதல் வழி ஜெனரேட்டர். ஒரு 5 கிலோவாட் ஜெனரேட்டர் இருந்தால் ஹீட்டர் விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டார், விளக்கு எல்லாம் ஓடும். இரண்டு வார இருட்டுக்கு இதற்கு இணை இல்லை. ஆனால் அதன் பசி பெரியது: பாதிச் சுமையில் ஓடினாலே மணிக்கு இரண்டு லிட்டரை ஒட்டிப் பெட்ரோல் குடிக்கும். நாள் முழுக்க ஓடவிட்டால் எத்தனை கேன் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் பெட்ரோல் நிலையத்தின் பம்பும் ஓடாது என்பதையும் கணக்கில் சேருங்கள். பெட்ரோலும் காலவரையின்றித் தாங்காது. கெடாமல் காக்கும் நிலைப்படுத்தித் திரவம் சேர்க்காவிட்டால் சில மாதங்களிலேயே தரம் குறையத் தொடங்கும். 2 கிலோவாட் அளவுள்ள சிறிய இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர், இலேசான சுமையில் மணிக்கு அரை லிட்டரோடு நின்றுவிடும். கிணற்று மோட்டார் இல்லாத வீட்டுக்கு நான் சிறியதையே சொல்வேன்.

ஜெனரேட்டரின் உண்மையான விலை அதன் புகையில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று காய்ச்சல்போலத் தொடங்கி உறக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இயந்திரம் வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகைவாய் கதவு ஜன்னலுக்கு எதிர்ப்புறம் பார்க்க இருக்க வேண்டும். கார்க் கொட்டகையில் கதவைத் திறந்துவைத்து ஓட்டுவதும் கூடாது. புயல் வேளையில் பனியில் நனையாமல் வைக்க வேண்டுமே என்ற தவிப்பில்தான் மக்கள் அதை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். எனவே மழைக்கூரையும் நீண்ட வெளிப்புற மின்கம்பியும் வாங்க முடியாதவர் ஜெனரேட்டரும் வாங்க வேண்டாம். சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீட்டு வயரிங்குக்கு மின்சாரம் கொடுப்பதும் குற்றத்துக்குச் சமம். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பி, பழுது பார்க்க ஏறியவரைக் கொன்றுவிடும். அதற்கென்று மாற்றுச் சுவிட்ச் இருக்கிறது, மின்பணியாளர் வந்து பொருத்த வேண்டும்.

இரண்டாவது வழி, பவர் ஸ்டேஷன் என்ற பெயரில் விற்கப்படும் பெரிய பேட்டரிப் பெட்டி. புகை இல்லை, சத்தம் இல்லை, படுக்கைக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். இதை வைத்து வீட்டைச் சூடாக்க நினைப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சாதாரண மின்ஹீட்டர் 1500 வாட் இழுக்கும். ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பெட்டி அதை நாற்பது நிமிடம்கூடத் தாங்காது. அதே பெட்டியில் 60 வாட் மின்போர்வையைச் செருகினால் இரவு முழுக்க ஓடிய பிறகும் மிச்சம் இருக்கும். அறைக் காற்றைச் சூடாக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் உடலைச் சூடாக்க ஆகிறது. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் குளிர்கால ஆயத்தத்தில் பாதிக் குழப்பம் தீரும். லித்தியம் பேட்டரிகளைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் பெட்டியை வெளிக்கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

விறகு அடுப்பு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மின்சாரம் வேண்டாம், சூடும் தரும், மேலே பாத்திரம் வைத்தால் சமையலும் ஆகும். ஆனால் அது புயலுக்கு முந்தைய வாரம் வாங்கிப் பொருத்தும் பொருள் அல்ல. புகைபோக்கியை ஆண்டுதோறும் சுத்தம் செய்திருக்க வேண்டும், விறகு ஒரு கோடையாவது உலர்ந்திருக்க வேண்டும். சுவரில் திறந்திருக்கும் அலங்காரக் கணப்பை இதனோடு சேர்க்காதீர்கள். அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே மேலே போகிறது, போகும்போது அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

மண்ணெண்ணெய் ஹீட்டருக்கும் வீட்டுக்குள் பயன்படுத்தத்தக்க புரொப்பேன் ஹீட்டருக்கும் இடையே தேர்வு என்றால் என் கை புரொப்பேன் பக்கம் நீளும். மண்ணெண்ணெய் வகை அதிகச் சூடு தரும், எரிபொருள் நீண்ட நாள் கெடாது. ஆனால் அதை அணைத்து ஆறவைத்து வெளியே கொண்டுபோய் எண்ணெய் நிரப்ப வேண்டும். கொட்டும் பனியில் இருட்டில் இந்த ஒழுங்கை எத்தனை பேர் கடைப்பிடிப்பார்கள்? உள்ளிடத்துக்கென்றே தயாரான புரொப்பேன் ஹீட்டரில் பிராணவாயு குறைந்தாலோ சாய்ந்தாலோ தானாக அணையும் ஏற்பாடு இருக்கிறது. அப்படியும் ஜன்னலை விரல் அகலம் திறந்துவைக்க வேண்டும், எரியவிட்டுத் தூங்கக் கூடாது. இரண்டில் எதை வாங்கினாலும் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை அதே நாளில் வாங்குங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால் ஹீட்டரைத் தள்ளிப்போடுங்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதைப் பற்றி விவாதமே தேவையில்லை.

எதுவும் வாங்காத வழி ஒன்றும் இருக்கிறது. வீட்டின் சிறிய அறை ஒன்றைத் தேர்ந்து, கதவிடுக்குகளைத் துணியால் அடைத்து, ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு எல்லோரும் அங்கேயே இருப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ நூறு வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு சிறு ஹீட்டர் ஆயிற்று. தரையில் படுப்பவர் மேலே போர்த்துவதோடு நிறுத்தாமல் கீழே தடித்த விரிப்பு போட வேண்டும். கூடாரத்துக்குள் கூடாரம்போலக் கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டினால் இன்னும் நல்லது. இந்த முறையில் ஹீட்டர் எதுவும் எரியாதவரைதான் இடுக்குகளை அடைக்கலாம். எரித்தால் காற்றோட்டம் கட்டாயம். இரண்டையும் கலப்பதில்தான் ஆபத்து.

மூன்று நாள் கணக்குக்கு நல்ல கம்பளிகள், மின்போர்வை, நடுத்தரப் பேட்டரிப் பெட்டி ஆகியவற்றோடு முடித்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் என்றால் விறகு அடுப்பு அல்லது ஜெனரேட்டர் இல்லாமல் ஒப்பேற்ற முடியாது.

தண்ணீர்: வெளியே மலையாகக் கிடக்கும் பனி ஏன் உதவாது

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குடிப்பதற்கும் அடிப்படைச் சுத்தத்துக்கும் அது போதும், கழிப்பறைக்குப் போதாது. நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். இரண்டு வாரத்துக்கு 224 லிட்டர்.

‘சுற்றிலும் பனி இருக்கும்போது தண்ணீரைச் சேமிப்பானேன்?’ என்று கேட்பவர்கள் ஒருமுறை எரிபொருள் கணக்கைப் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த பனி பெரும்பாலும் காற்றுதான். பத்து லிட்டர் பனியை உருக்கினால் ஒரு லிட்டர் தண்ணீர் கிடைத்தால் பெரிது. பனியைத் தண்ணீராக மாற்றவே, அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கு செலவாகிறது. அதற்கு மேல் கொதிக்கவும் வைக்க வேண்டும், ஏனென்றால் பனி பார்வைக்கு வெண்மையாக இருப்பதால் சுத்தமாகிவிடாது. கழிப்பறையில் ஊற்ற உருகிய பனி நல்ல வழி. குடிநீருக்கு அது கடைசிப் புகலிடம்.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் உறைந்தபோது மின்சாரத்தோடு தண்ணீரும் போயிற்று. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மின்சாரம் இல்லை, குழாய்கள் வெடித்து அழுத்தம் குறைந்தது. ஒரு கோடிக்கும் அதிகமானோருக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. கொதிக்கவைக்க அடுப்பு இல்லாதவருக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்?

கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர், நாமே நிரப்பும் கேன், புயலுக்கு முந்தைய இரவில் நிரப்பும் குளியல் தொட்டி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்வதைவிட மூன்றுக்கும் வேலை பிரித்துக் கொடுப்பது நல்லது. குடிக்கப் பாட்டில், சமைக்கக் கேன், கழிப்பறைக்குத் தொட்டி. கேனை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உறையும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு விரியும். வெந்நீர்க் கலன் உள்ள வீட்டில் அதற்குள்ளேயே நூறு லிட்டருக்கு மேல் இருக்கக்கூடும். அதன் மின்சாரத்தையோ வாயுவையோ அணைத்து, ஆறவைத்த பிறகு கீழ்க்குழாய் வழியே எடுக்கலாம்.

உணவு

இங்கேதான் சந்தை மிகவும் சத்தமாக இருக்கிறது. 25 ஆண்டு கெடாது என்று விற்கப்படும் உறையவைத்து உலர்த்திய உணவு வாளிகளைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. எடை குறைவு, சுவையும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு கோப்பை வெந்நீர் கேட்கும். தண்ணீரும் எரிபொருளும் தட்டுப்பாடாக இருக்கும் நாளில் இரண்டையும் கேட்கும் உணவு அது. இன்னொரு சூட்சுமம்: வாளியின் மீது ‘இத்தனை வேளை’ என்றுதான் பெரிதாக எழுதியிருக்கும். ஒரு ‘வேளை’ என்பது 250 கலோரியாக இருந்தால் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு எட்டு வேளை வேண்டும். மொத்தக் கலோரியைப் பார்த்து வாங்குங்கள், வேளை எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. புயலுக்கு மட்டும் என்றால் இந்த வாளி தேவையற்ற செலவு என்பேன்.

டின் உணவின் பெருமை, திறந்து அப்படியே சாப்பிடலாம் என்பதுதான். ஏற்கெனவே வெந்தது, தண்ணீரும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் 400 கிராம் பயறு டின் ஒன்றில் 350 கலோரி அளவுக்குத்தான் கிடைக்கும். நான்கு பேருக்கு நாளுக்கு 8,000 கலோரி என்று வைத்தால் இருபதுக்கும் மேற்பட்ட டின்கள் வேண்டும். டின்னை மட்டுமே நம்பினால் வீடு கிடங்காகிவிடும். அரிசி, ஓட்ஸ், பாஸ்தா போன்ற உலர் தானியங்கள் கிலோவுக்கு 3,500 கலோரியைச் சுற்றித் தருகின்றன, செலவும் குறைவு, ஆனால் வேகவைக்க வேண்டும். கொட்டை வகைகளும் கடலை வெண்ணெயும் கிலோவுக்கு 6,000 கலோரியை ஒட்டித் தருகின்றன, அடுப்பும் வேண்டாம். குளிரில் உடலுக்கு உள்ளிருந்து சூடு தருவதும் இந்தக் கொழுப்புதான். எடைக்கு எடை பார்த்தால் என் முதல் பரிசு இவற்றுக்கே.

மூன்று நாளைக்கு டின்களும் கொட்டைகளும் ரொட்டி பிஸ்கட்டும் உலர்பழமும் போதும், ஒருமுறைகூட அடுப்பு மூட்டாமல் ஓட்டிவிடலாம். இரண்டு வாரத்துக்கு உலர் தானியத்தைச் சேருங்கள், அதற்கான எரிபொருளையும் தண்ணீரையும் அதே பட்டியலில் எழுதுங்கள். புதிதாக எதையும் வாங்காமல், வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதையே இருமடங்காக வாங்கி, பழையதை முதலில் எடுத்துப் புதியதைப் பின்னால் அடுக்குவது எல்லாவற்றிலும் எளிது. பனிப்புயல் நாளில் குழந்தை முதன்முறையாகப் பார்க்கும் உணவைத் தட்டிவிடும். கையால் திருகும் டின் திறப்பான், கைக்குழந்தையின் பால்மாவு, செல்லப்பிராணியின் தீனி ஆகியவை மறந்துபோகும் வரிசையில் முன்னணியில் நிற்பவை. கொட்டகையில் உறைந்து உப்பிய டின்னைத் தூக்கி எறியுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வெளியே குளிர்கிறதே என்று உணவை அப்படியே பனியில் புதைக்க வேண்டாம், வெயில் அடித்தால் உருகும், விலங்குகள் வரும். வெளியே வைக்க வேண்டியது தண்ணீர்ப் பாத்திரங்களை. அவை உறைந்ததும் எடுத்து ஃப்ரீசருக்குள் வையுங்கள்.

அடுப்பும் விளக்கும்

முகாம் அடுப்பு வாங்குபவர்கள் அழகான சிறு பியூட்டேன் அடுப்பில் மயங்குகிறார்கள். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே குளிர்ந்தால் வாயு திரவமாகவே கிடக்கும், அடுப்பு எரியாது. அதாவது தேவைப்படும் நாளில்தான் கைவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை வாயுவாக வரும். குளிர்காலத்துக்கு அதுதான் பொருத்தம். இவற்றை வெளியேயோ நல்ல காற்றோட்டத்திலோ மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுக் குழாய்வாயு அடுப்பின் மேல்பர்னரைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்தால் வேறு அடுப்பே வேண்டாம். அதை அறை ஹீட்டராக்காமல் இருந்தால் சரி.

விளக்கில் யோசிக்க ஒன்றுமில்லை. தலையில் மாட்டும் எல்இடி விளக்கு ஆளுக்கொன்று. மெழுகுவத்தி தீப்பிடிக்க வழி. தலைவிளக்குக்கு லித்தியம் ஏஏ பேட்டரி போடுங்கள். கடுங்குளிரில் ஆல்கலைன் சோர்ந்துபோகும். கைப்பேசிக் கோபுரங்களின் துணை மின்சாரம் சில மணி நேரத்தில் தீரக்கூடும் என்பதால் பேட்டரி ரேடியோ ஒன்று வேண்டும்.

தங்குவதா, கிளம்புவதா

இதையும் ஒரு வழியாக எண்ணுவதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தில் இருப்பவரோ, குளிரில் வைக்க வேண்டிய இன்சுலின் எடுப்பவரோ, பிறந்து சில வாரமே ஆன குழந்தையோ இருந்து, மாற்று மின்சாரமும் இல்லையென்றால், எத்தனை டின் அடுக்கினாலும் அது ஆயத்தம் ஆகாது. மின்சாரம் நம்பகமாக உள்ள உறவினர் வீட்டுக்கோ அரசு முகாமுக்கோ போவதே சரியான தேர்வு. ஆனால் அதை முதல் பனி விழுவதற்கு ஒரு நாள் முன்பே செய்ய வேண்டும். புயல் தொடங்கிய பின் சாலையில் சிக்கிய காரைவிடக் குளிர்ந்த வீடு பாதுகாப்பானது.

கிளம்புவது என்று முடிவானால் தண்ணீரின் பிரதான வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து உள்ளே நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். தங்குவதானால் வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களை நூலளவு ஒழுகவிடுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியிலுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள். கிளம்பும் முன் ஒரு கோப்பைத் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் ஃப்ரீசர் பெரும்பாலும் உறைநிலையிலேயே இருந்திருக்கிறது. கோப்பையின் அடியில் கிடந்தால், இப்போது எல்லாம் கல்லாக உறைந்திருந்தாலும், நடுவில் முழுவதும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. இறைச்சியையும் மீனையும் குப்பையில் போடுங்கள்.